ஆறு நாளில் ஐந்து வெற்றி!

திருமுல்லைவாயிலைத் தாண்டி மும்பைக்கு ஓடும் ரயில் சுமார் 1,280 கிலோமீட்டர் போகிறது. அதைப்போல் மூன்று மடங்கு தூரத்தை ரயிலிலேயே சுற்றி, போன இடமெல்லாம் வென்று வந்தது ஒரு கல்லூரிக் குழு!

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மலைமேல் இருக்கிறது செவானி. சின்னக் கல்லூரி. அமெரிக்கக் கால்பந்து என்று பெயர்தான். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்கள். எதிரிகள் மேலே விழுந்து மடக்குவார்கள். ஓர் ஆட்டம் ஆடினாலே உடம்பு நொந்துவிடும்.

1899-ல், வழக்கமாக மோதும் வாண்டர்பில்ட் கல்லூரியோடு டிக்கெட் வசூலில் தகராறு. ஆட்டம் நின்றது, வருமானமும் போயிற்று. குழுவின் நிர்வாகி லூக் லீ என்ற மாணவர் ஒரு யோசனை செய்தார். ஒரே பயணத்தில் ஐந்து ஆட்டம்!

21 ஆட்டக்காரர்கள் ரயில் ஏறினார்கள். தண்ணீர் மாறினால் உடம்புக்கு ஆகாதே என்று ஊர் ஊற்று நீரையும் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டார்கள்.

நவம்பர் 9-ல் டெக்சாஸ், 12-0. மறுநாள் டெக்சாஸ் ஏ அண்டு எம், 10-0. 11-ல் டுலேன், 23-0. ஞாயிறு ஓய்வு. 13-ல் லூசியானா, 34-0. 14-ல் மிசிசிப்பி, 12-0. எதிரிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை!

அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்கள், பன்னிரண்டிலும் வெற்றி. ஆபர்ன் குழு மட்டும் 10 புள்ளி எடுத்து, 11-10 என்று தோற்றது.

அன்று தோற்ற டெக்சாஸும் லூசியானாவும் இன்று ஒரு லட்சம் பேர் அமரும் மைதானங்களில் ஆடுகின்றன. செவானி இன்றும் சின்னக் கல்லூரிதான். ஆட்டத்துக்காக அங்கே யாருக்கும் உபகாரச் சம்பளம் கிடையாது. ஆனாலும் மாணவர்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.