ரொட்டிக்கும் நிறம் பார்த்த தீவு

டீயோடு ஒரு பன்னும் சொல்லிவிடுங்கள். இன்றைய கதையில் ரொட்டிக்குப் பெரிய இடம் உண்டு.

ராபன் தீவு என்றதும் நெல்சன் மண்டேலா 18 ஆண்டு அடைபட்டுக் கிடந்த இடம் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கே அன்றாடம் எப்படிக் கழிந்தது என்பதைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கேப் டவுன் துறைமுகத்திலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தூரம். தீவில் நின்றால் டேபிள் மலை கண்ணெதிரே தெரியும். நடுவில் உடம்பை விறைக்க வைக்கும் குளிர்ந்த கடல். ‘ராபன்’ என்றால் டச்சு மொழியில் கடல்நாய்கள். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே தங்களுக்கு ஆகாதவர்களை அங்கே தள்ளத் தொடங்கிவிட்டார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களை எதிர்த்து நின்ற கோசா இனத்தலைவர் மக்கானா, 1820இல் அந்தத் தீவிலிருந்து படகில் தப்பும்போது கடலில் மூழ்கிப்போனார். 1846 முதல் 1931 வரை தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்ததும் அங்கேதான். 1961இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு அதை மீண்டும் சிறையாக்கியது. கைதிகளில் ஒருவர்கூட வெள்ளையர் இல்லை. காவலர்களில் ஒருவர்கூடக் கறுப்பர் இல்லை.

1964 ஜூனில், நிறவெறி அரசை எதிர்த்த மண்டேலா உள்ளிட்டோர் மீது நடந்த ரிவோனியா வழக்கில் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அவர்களில் டெனிஸ் கோல்ட்பர்க் வெள்ளையர் என்பதால் அவரை பிரிட்டோரியாவிலேயே வைத்துக்கொண்டு, மற்ற ஏழு பேரைத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு பேர் ஆப்பிரிக்கர். ஒருவர் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்த அகமது கத்ராடா. ஏழு பேரிலும் இளையவர், 34 வயது. அவருக்கு முழுக்கால் சட்டையும் காலுறையும் கிடைத்தன. 45 வயது மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை. ஆப்பிரிக்கர் எத்தனை வயதானாலும் ‘பையன்’ என்பது அந்த ஆட்சியின் எண்ணம்.

சாப்பாட்டிலும் இதே கதை. இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் ஒரு பட்டியல், ஆப்பிரிக்கருக்கு வேறொரு பட்டியல். முதல் பட்டியலில் இறைச்சி 6 அவுன்ஸ், அடுத்ததில் 5. முதல் பட்டியலில் ரொட்டியும் ஜாமும் உண்டு, அடுத்ததில் இரண்டுமே கிடையாது. ஆப்பிரிக்கருக்கு ரொட்டி இயல்பாகவே பிடிக்காது என்பது அதிகாரிகள் சொன்ன காரணம்! அந்த ஒரு அவுன்ஸ் இறைச்சியை மிச்சம் பிடித்து அரசு என்ன சம்பாதித்திருக்கும்? ஒன்றுமில்லை. ஒரே வழக்கில், ஒரே தண்டனை பெற்று, ஒரே கல்லை உடைப்பவர்கள் சாப்பிட உட்காரும்போது ஒருவர் தட்டை ஒருவர் பார்த்து மனம் குமைய வேண்டும், அவ்வளவுதான். ஆளைப் பூட்டிவைப்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய கொடுமையாகத் தெரிகிறது.

கத்ராடாவுக்கு அந்தச் சலுகை தொண்டையில் முள்ளாகக் குத்தியது. வேண்டாம் என்று மறுத்துவிடத்தான் நினைத்தார். மூத்தவர்கள் தடுத்துவிட்டார்கள். கிடைத்ததை விட்டுக்கொடுத்து எல்லோரும் கீழே இறங்குவது சமத்துவம் ஆகாது, எல்லோரும் மேலே வரத்தான் போராட வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. கைதிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்ற அறிவிப்பு வர 1979 ஆயிற்று. பதினைந்து வருடம்!

நம்மவர் கதை ஒன்றும் இதில் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு தோள்கொடுத்து நின்று பலமுறை சிறை சென்ற தம்பி நாயுடுவைத் தெரியும் அல்லவா? அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு, கத்ராடா வருவதற்கு முன்பே தீவுக்கு வந்து பத்தாண்டு இருந்தவர். தாத்தா போன வழியில் பேரனும் போயிருக்கிறார்.

மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் தீவின் சுண்ணாம்புக்கல் குவாரியில் பதின்மூன்று வருடம் வேலை. வெள்ளைக் கல்லில் வெயில் பட்டுத் தெறித்துக் கண்ணைப் பறிக்கும். கறுப்புக் கண்ணாடி கேட்டால் ஏறத்தாழ மூன்று வருடம் தரவில்லை. மண்டேலாவின் கண்கள் கடைசிவரை அதன் பாதிப்பிலிருந்து மீளவில்லை. ஆனால் அதே குவாரியில்தான் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வரலாறு, அரசியல், எழுத்தறிவு என்று கல் உடைத்தபடியே பாடம் நடந்தது.

நிறவெறியை எதிர்த்த இன்னொரு தலைவரான ராபர்ட் சோபுக்வேக்கு அந்தத் துணையும் இல்லை. மூன்றாண்டுத் தண்டனை 1963இல் முடிந்தது. அவர் ஒருவரை விடாமல் பிடித்துவைக்கவே நாடாளுமன்றத்தில் ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்து ஆண்டுதோறும் நீட்டித்தார்கள். தீவிலேயே தனி வீடு, சொந்த உடை, புத்தகங்கள் எல்லாம் உண்டு. பேச ஆள் மட்டும் கிடையாது. கைதிகள் வரிசையாக அந்தப் பக்கம் போகும்போது ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிடுவாராம். இது நம் மண் என்று சொல்லாமல் சொன்னது. 1969வரை அப்படியே கழிந்தது.

எழுபதுகளில் சன்னி வெங்கட்ரத்னம் என்ற டர்பன் இந்தியர் தீவில் இருந்தார். அவரிடம் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு இருந்தது. காவலர்கள் பறித்துவிடாமலிருக்க, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை அதன் மேல் ஒட்டி, இது என் வேதப்புத்தகம் என்று சொல்லிவிட்டார். சாமி புத்தகத்தில் கைவைக்கக் காவலர்களுக்கு மனம் வரவில்லை. விடுதலையாகும் நாள் நெருங்கியபோது அதை ரகசியமாக அறை அறையாக அனுப்பினார். பிடித்த இடத்தைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்டோர் போட்டார்கள். ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார், வெவ்வேறு கட்சிக்காரர் என்று எல்லோருடைய பெயரும் அதில் உண்டு. மண்டேலா ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஒரு பகுதியைக் குறித்து, 1977 டிசம்பர் 16 என்று தேதியும் போட்டிருக்கிறார்.

2012இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்தப் புத்தகத்தைக் காட்சிக்கு வைத்தார்கள், தீபாவளி அட்டைகளோடு.