பிள்ளையார்பட்டியில் ஒரு புள்ளி

காரைக்குடிப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளையார்பட்டி எவ்வளவு தூரம்?" என்பதுதான். தூரம் ஒன்றும் பிரமாதமில்லை. குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் செல்லும் சாலையில் அரை மணிப் பிரயாணம்.

வடக்கு வாசல் வழியாகவே உள்ளே போங்கள். கற்பக விநாயகர் வடக்கு நோக்கித்தான் இருக்கிறார். மண்டபங்களைத் தாண்டத் தாண்ட வெளிச்சம் குறைகிறது. கடைசியில் எதிரே நிற்பது சுவர் அல்ல, மலை! அந்தப் பாறையைக் குடைந்துதான் கருவறை. மூலவரும் அதே பாறையில் செதுக்கப்பட்டவர்தான். சுமார் ஆறடி உயரம். துதிக்கை வலப்புறம் சுழிந்திருக்கிறது. பாசம், அங்குசம் என்று தேடாதீர்கள். இவருக்கு இரண்டே கைகள். ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். கவசம் சாத்தியிருந்தால் இந்த அழகு கண்ணில் படாது. அபிஷேக வேளையில் போகக் கிடைத்தால் நம் பாக்கியம்.

குகைக்குள் பழைய எழுத்தில் ஒரு சிறு கல்வெட்டும் உண்டு. அதில் 'பெருந்தச்சன்' என்று படித்து, சிற்பியின் பெயராகக் கொள்வோர் பலர்.

நாம் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். நகரத்தார் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கோயில் அவ்வளவோடு விடுகிற சங்கதி அல்ல. அவர்களுக்கு ஒன்பது கோயில்கள். அவற்றில் பிள்ளையார்பட்டியும் ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு கோயிலைச் சேர்ந்தது. பிள்ளையார்பட்டிக் கோயிலார் எல்லோரும் பங்காளிகள்; தங்களுக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். இரணியூர்க் கோயிலாரோடும் சம்பந்தம் கிடையாது. அது அண்ணன் தம்பி உறவாம்! ஜாதகம் பொருந்தி, மனமும் பொருந்தினாலும் கோயில் பொருந்தாவிட்டால் பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

சம்பந்தம் கூடிவிட்டால் இரு வீட்டார் கோயில்களிலிருந்தும் மாலை வரும். மாலை வந்து, கல்யாணம் நடந்தால் தம்பதி இருவரும் சேர்ந்து மாப்பிள்ளையின் கோயிலில் ஒரு 'புள்ளி'. கோயிலுக்கு வரி கொடுப்பதும் புள்ளிக் கணக்கில்தான். கவனித்தீர்களா, சகோதரிகளே? ஆண் தனியாக நின்றால் புள்ளி ஆவதில்லை. மனைவி வந்தால்தான் ஆகிறான். அந்த மட்டில் நமக்குப் பெருமைதான். ஆனால், பெண் பிறந்த கோயிலை விட்டுப் புகுந்த கோயிலுக்குப் போய்விடுகிறாள். துணையை இழந்தவரோ, அரைப்புள்ளி! கணக்கு எழுதுகிற பேனாவுக்குக் கண்ணீர் தெரியாது போலிருக்கிறது.

சதுர்த்தி சமயத்தில் போனால் முக்குறுணி அரிசியில் செய்து படைக்கும் ஒரே கொழுக்கட்டையைப் பார்க்கலாம். கூட்டத்தில் பக்கத்தில் நிற்கும் ஆச்சியிடம், "நீங்கள் பிறந்தது எந்தக் கோயில், ஆச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். புகுந்த கோயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். பிறந்த கோயிலைப் பற்றி, கொழுக்கட்டை ஆறும்வரை சொல்வார்.