ஆர்த்ரோசுபைரா

ஆர்த்ரோசுபைரா என்பது காரத்தன்மை மிகுந்த நீரில் செழித்து வளரும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களின் ஒரு பேரினம் ஆகும். இதன் இழைகள் திருகுபோல் சுருண்டிருப்பதால் தமிழில் சுருள்பாசி எனப்படுகிறது. சந்தையில் சுபைருலினா என்ற பெயரில் விற்கப்பட்டாலும், வகைப்பாட்டியலில் சுபைருலினா என்பது வேறொரு பேரினம். 2019-இல் ஆர்த்ரோசுபைராவின் சில இனங்கள் லிம்னோசுபைரா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டன.

வாழிடம்

கார்பனேட்டு, பைகார்பனேட்டு உப்புகள் நிறைந்த சோடா ஏரிகளே இதன் இயற்கை வாழிடம். நீரின் பி.எச். மதிப்பு 9 முதல் 11 வரை இருக்கும் இங்குப் பெரும்பாலான பிற பாசிகள் வளர்வதில்லை. இது பைகார்பனேட்டிலிருந்து கரிமத்தைப் பெற்று ஒளிச்சேர்க்கை செய்கிறது. திறந்த தொட்டிகளில் வளர்க்கும்போதும் இந்தக் காரத்தன்மையே வேற்றுப் பாசிகள் கலக்காமல் தடுக்கிறது.

சூழலியல் பங்கு

கென்யாவின் நக்குரு, போகோரியா ஏரிகளில் சிறிய பூநாரைகளின் முதன்மை உணவு இப்பாசிகளே. மழையால் ஏரி மட்டம் உயர்ந்து உப்பும் காரமும் நீர்த்துப்போனால் இவை குறைகின்றன; பூநாரைகளும் இரைதேடி வேறு ஏரிகளுக்குச் சென்றுவிடுகின்றன.

உணவுப் பயன்பாடு

மெக்சிக்கோவின் டெசுகோகோ ஏரியிலிருந்து அசுடெக் மக்கள் இதைச் சேகரித்து உண்டனர். சாடு நாட்டின் கானெம் பகுதியில் கனெம்பு பெண்கள் இதை அள்ளி, மணலில் வடித்து உலர்த்தித் 'திகே' என்னும் வில்லைகளாக்குகின்றனர். உலர் எடையில் 55 முதல் 70 விழுக்காடு புரதம் உள்ளது. எனினும் இதிலுள்ள உயிர்ச்சத்து பி12 பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத வடிவம். எனவே தாவர உணவு மட்டும் உண்போர் பி12-க்கு இதை நம்பியிருக்க இயலாது.