கதியும் மதியும்

மெல்பேண் நகரில் வாழும் என் தமக்கையார் சென்ற மாதம் ஓரிரவு தொலைபேசியில் அழைத்து, ஒரு விடயத்தில் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். அவருடைய மகனுக்கு 18 வயது நிறைந்துவிட்டது. சாரதி அனுமதிப்பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. பரீட்சையில் நல்ல புள்ளிகள் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவாகியிருக்கிறான். உவகை மிகுந்த என் அத்தான், மகனுக்கு இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கித் தருவதாக வாக்களித்துவிட்டார். தமக்கையாருக்கோ அன்று தொட்டு உறக்கமில்லை. “சட்டம் விடுகுது, என்ரை மனந்தான் விடுகுதில்லை. நீ என்ன சொல்லுறாய், தம்பி?” என்றார்.

உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். பௌதிகம் படிப்பித்தே காலங் கழித்த எனக்குக் கதியைப் பற்றிச் சிறிது தெரியும்; விரைவுக் கார்களைப் பற்றி அதிகந் தெரியாது. ஆயினும் இக்கேள்வி என் தமக்கையார் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. சிட்னியிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று எழக்கூடிய கேள்வி அது. ஆதலின், அவ்விரு நாளும் நான் சிந்தித்தவற்றையும் முடிவில் கூறிய மறுமொழியையும் இங்கே எழுதத் துணிந்தேன்.

முதலிற் சட்டத்தை நோக்கினேன். விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குட்பட்ட ஒருவர் தனியே கார் ஓட்டும் உரிமையைப் பெறுமுன், அனுபவமுள்ளவர் பக்கத்திலிருக்க 120 மணி நேரம் ஓட்டிப் பழகி, அதனைப் பதிவேட்டிற் குறித்துக் காட்டல் வேண்டும். அதன் பின்னரும் முழு அனுமதி கிடைப்பதில்லை. முதலாண்டு காரிலே சிவப்பு அடையாள அட்டை; அடுத்த மூன்றாண்டும் பச்சை அட்டை; ஆக நான்காண்டு தகுதிகாண் பருவம். சிவப்பு அட்டைக்காரர் தம் வயதையொத்த நண்பர் ஒருவருக்கு மேல் ஏற்றிச் செல்லலாகாது. நான்காண்டுக் காலமும் மிகுந்த வலுவுடைய கார்கள் அவர்களுக்கு விலக்கப்பட்டுள்ளன. எது மிகுந்த வலு என்பதை அறிய அவர்கள் கொண்ட அளவுகோல் எளிது. இயந்திரத்தின் வலுவைக் காரின் திணிவால் வகுத்தால் வருந் தொகை, ஒரு தொன்னுக்கு 130 கிலோவாற்றை மேவலாகாது. 1,500 கிலோகிராம் கொண்ட காராயின் 195 கிலோவாற்று வரை இடமுண்டு. அத்தான் தெரிவு செய்த கார் இந்தக் கோட்டுக்குச் சற்றே உட்பட்டது. சட்டம் விடுகிறது என்று தமக்கையார் கூறியதன் பொருள் இதுவே.

ஆனால் இக்கோட்டை எல்லா நாடும் ஒரே இடத்திற் கீறவில்லை. பெராரி, லம்போகினி என்னும் பேர்பெற்ற விரைவுக் கார்களை உலகுக்கு அளித்த நாடு இத்தாலி. அந்நாடே, 2024 ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த வீதிச் சட்டத்தின்படி, புதிய சாரதிகளுக்கு முதல் மூன்றாண்டும் தொன்னுக்கு 75 கிலோவாற்று, மொத்தத்தில் 105 கிலோவாற்று என எல்லை வகுத்திருக்கிறது. முன்னிருந்த எல்லை இதனினும் இறுக்கமானது. ஆனால் ஓராண்டுக்கு மட்டுமே உரியது. ஆகவே, மெல்பேணில் என் மருமகன் சட்டப்படி ஓட்டக்கூடிய காரை, மிலான் நகரில் அவன் வயதுப் பையன் ஓட்டினாற் குற்றம். கார் ஒன்றே, வயதும் ஒன்றே. வேறுபடுவது மனிதரின் கணிப்பு மட்டுமே. சட்டம் இடங்கொடுத்தது என்பதனாலேயே ஒரு காரியம் தக்கது என்று துணிந்துவிட முடியாதென்பதை இது எனக்கு உணர்த்திற்று.

மறுபுறத்தில் அத்தானின் வாதங்களையும் நான் தள்ளிவிட விரும்பவில்லை. அவர் விவேகமற்றவரல்லர். “பழைய சின்னக் கார் ஒன்றை மலிவாக வாங்கிப் பிள்ளையிடம் கொடுப்பவர்கள் பலர். மோதினால் அது தகரப் பெட்டி போல் நசுங்கிவிடும். புதிய காரிலே காற்றுப் பைகள் உண்டு, வழுக்காமற் காக்கும் பொறிகள் உண்டு, தானே தடைபோடும் வசதியும் உண்டு” என்பது அவர் கூற்று. இது மெய்யே. சாதாரணக் காரும் 160 கிலோமீற்றர் கதியில் ஓட வல்லது, பிழை செய்வது காரன்று, காரை மிதிக்குங் காலே என்பது அவருடைய இரண்டாவது வாதம். இதுவும் மெய்யே. இரண்டே இருக்கைகள் உள்ள காரில் ஒரு நண்பனுக்கு மேல் ஏற்ற முடியாது, சட்டத்தைக் காரே காப்பாற்றிவிடும் என்று சொல்லிச் சிரித்தாராம். இதற்கு நானுஞ் சிரித்தேன்.

சிரித்த பின் கடதாசியும் பேனாவும் எடுத்துக் கணக்கொன்று போட்டேன். வகுப்பில் மாணவருக்குக் கொடுக்கத்தக்க கணக்குத்தான். இரண்டு கார்கள் ஒரு வீதியிற் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒன்று மணிக்கு 60 கிலோமீற்றரிலும் மற்றையது 70 கிலோமீற்றரிலும் ஓடுகின்றன. முன்னே ஒரு குழந்தை குறுக்கிடுகிறது. கண்டு உணர்ந்து தடையை மிதிக்க இருவருக்கும் ஒன்றரைச் செக்கன் செல்கிறதென்று கொள்வோம். உலர்ந்த நல்ல வீதியில், 60 கிலோமீற்றரில் வந்த கார் ஏறக்குறைய 45 மீற்றர் ஓடி நின்றுவிடும். அது நின்ற அதே இடத்தை மற்றக் கார் அடையும்போது அதன் கதி எவ்வளவு? பத்து என்றுதான் பலருஞ் சொல்வர். இரண்டுக்குமுள்ள வேறுபாடு பத்துத்தானே! விடை அதுவன்று. அப்பொழுதும் அக்கார் மணிக்குச் சுமார் 45 கிலோமீற்றரில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சாரதிக்குத் திடுக்கீடு. மற்றச் சாரதிக்கு வாழ்நாள் முழுவதும் ஆறாத துயர்.

காரணம் வெளிப்படை. இயக்கச் சத்தி கதியின் வர்க்கத்தோடு வளர்வது. கதி இரட்டித்தாற் சத்தி நான்கு மடங்காகும். இச்சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதி முழுப் புள்ளியும் பெற்றவன்தான் என் மருமகன். ஆனால் கடதாசியில் அறிந்தது காலுக்குத் தெரிவதில்லை. காலுக்கு அதைக் கற்பிப்பது பழக்கம் ஒன்றே. பழக்கத்துக்குக் காலம் வேண்டும். வலுமிக்க காரோ அந்தக் காலத்தைத் தருவதில்லை. சாதாரணக் கார் 60 இலிருந்து 100 ஐ அடையுமுன் சாரதிக்குத் தன் பிழையை உணரச் சில செக்கன்கள் கிடைக்கின்றன. விரைவுக் காரில் அந்த அவகாசம் சுருங்கிவிடுகிறது. கால் சற்று அழுந்தியதுமே முழு இழுவையையும் தரவல்ல இன்றைய மின்சாரக் கார்களில் அது இன்னும் அருகிவிடும். முடிவுகளை நிறுத்து நோக்கும் மூளையின் முன்பகுதி, வயது இருபதின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறதென்பர் ஆய்வாளர். உலகில் 5 முதல் 29 வயது வரையுள்ளோரைப் பலிகொள்ளும் காரணங்களுள் வீதி விபத்தே முதலாவது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டின் அறிக்கையிற் கூறியிருக்கிறது. நோயன்று, போருமன்று, வீதி.

இவ்விடத்தில் ஜேம்ஸ் டீன் என்ற அமெரிக்க நடிகரின் நினைவு எனக்கு வந்தது. மூன்று படங்களில் முக்கிய பாகம் ஏற்று, உலக இளைஞரின் உள்ளங் கவர்ந்தவர் அவர். அப்படங்களுள் ஒன்றில், மலைமுகட்டை நோக்கிக் காரைச் செலுத்தி, எவன் முதலிற் குதிக்கிறானோ அவனே கோழை என்று இளைஞர் பந்தயம் இடுங் காட்சி உண்டு. 1955 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் திகதி டீன் புதிய போர்ஷே 550 ஸ்பைடர் கார் ஒன்றை வாங்கினார். சலீனாஸ் என்னும் ஊரில் நடைபெறவிருந்த பந்தயத்துக்கு அதனை இழுவை வண்டியில் ஏற்றிச் செல்வதாக இருந்தது. புதிய கார் கைக்குப் பழகட்டும் என்று வீதியிலே தாமே ஓட்டிச் செல்ல முடிவு செய்தார். செப்டெம்பர் 30 ஆம் திகதி பிற்பகல், மிகுந்த கதியில் ஓட்டியமைக்காகப் பொலிசார் அவரை மறித்துக் குற்றப் பத்திரம் கொடுத்தனர். அன்று மாலை, கலிபோர்ணியாவில் சொலேம் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு சந்தியில், எதிரே வந்த கார் அவர் பாதைக்குக் குறுக்காகத் திரும்பிற்று. மோதலில் டீன் உயிரிழந்தார். வயது 24. காரை வாங்கி ஒன்பது நாளே ஆகியிருந்தது.

அக்காரின் நிறை ஏறக்குறைய 550 கிலோகிராம். இயந்திரத்தின் வலு 110 குதிரைவலு. விக்டோரியாவின் அளவுகோலால் அளந்தால் தொன்னுக்குச் சுமார் 150 கிலோவாற்று வருகிறது. இன்றைய சட்டத்தின்படி அது புதிய சாரதிக்கு விலக்கப்பட்ட காரே. ஆனால் 24 வயதான டீனை அச்சட்டமும் தடுத்திராது. அவர் அனுபவமற்றவரென்று சொல்வதற்கும் இல்லை. அதே ஆண்டில் வேறொரு காரிற் பந்தயங்கள் ஓடியவர். அன்றியும், விபத்து நேர்ந்த கணத்தில் அவருடைய கதி முதலில் எண்ணியவாறு மிகையானதன்று எனப் பிற்காலத்தார் சிலர் கணித்துள்ளனர். எதிரே திரும்பிய காரை ஓட்டியவரும் 23 வயது மாணவரே. வந்த காரைத் தாம் காணவில்லை என்றே அவர் கூறினார். பந்தயத் திடலிற் பெற்ற திறமை ஒன்று. எவர் எப்பொழுது திரும்புவார் என்று அறிய முடியாத பொது வீதியிற் பெறும் பக்குவம் வேறொன்று. முன்னையது பின்னையதற்கு ஈடாவதில்லை.

நமது நாட்டிற் கார் ஓட்டுபவரைச் சாரதி என்று அழைக்கிறோம். இது இதிகாசங்களில் வழங்கிய சொல். தசரதன் தேரைச் செலுத்திய சுமந்திரர் முதிர்ந்த அமைச்சர். பாரதப் போரில் அர்ச்சுனனுக்குக் கண்ணபிரானே சாரதி. விராட நகரத்து இளவரசன் உத்தரனோ, அந்தப்புரத்தில் வீரம் பேசி, தேரேறிக் களஞ் சென்று, கௌரவர் சேனையைக் கண்டதும் இறங்கி ஓடத் தலைப்பட்டவன். அவனைப் பிடித்துத் தேரிலேற்றி, கடிவாளத்தை அவன் கையிற் கொடுத்துத் தானே வில்லேந்தியவன் அர்ச்சுனன். உத்தரன் தீயவனல்லன், இளையவன். வில்லாளன் அருகில் நின்று ஏவ, அவனும் அன்று நல்ல சாரதியானான். ஓட்டங் குதிரைக்கு உரியது. சாரதிக்கு உரியது அடக்கம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இவ்வாறு எண்ணிக்கொண்டு வந்தபோது, வினாவின் கரு வேகத்தில் இல்லை, உடைமையிலே இருக்கிறதென்பது எனக்குப் புலனாயிற்று. ஓட்டுதல் வேறு, உடையவனாதல் வேறு. வீட்டுக்குப் பொதுவான காரை மகன் எடுக்கும்போது, “எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய்?” என்று தாய் கேட்கிறாள். அக்கேள்வியைப் போன்ற தடை வேறெந்தக் காரிலும் பூட்டப்படவில்லை. தனக்கே உரிய கார் வாசலில் நின்றால், திறப்புச் சட்டைப்பையில் இருந்தால், நள்ளிரவில் நண்பன் அழைத்தாலென்ன, ஒரு சச்சரவின் பின் மனங் கொதித்தாலென்ன, கேட்பதற்கு எவரும் இல்லை. நல்ல பிள்ளைக்கும் அத்தகைய இரவு ஒன்று வரும். அந்த ஒரே இரவில் அவனுக்குக் கிடைக்கும் கார் எது என்பதே கேள்வி.

மூன்றாம் நாள் என் மறுமொழியைக் கூறினேன். சிவப்பு அட்டை உள்ள வரையில் வீட்டுக் காரையே ஓட்டட்டும். மழையிலும் இரவிலும் நெருக்கடியிலும் ஓட்டிப் பழகட்டும். பச்சை அட்டைக் காலத்தில், பாதுகாப்பு வசதிகள் நிறைந்த, வலுக் குறைந்த காரொன்றை வாங்கிக் கொடுக்கலாம். வேகத்தின் மேல் வேட்கை இருந்தால், பயிற்றுநர் பக்கத்திலிருக்கப் பந்தயத் திடலில் அதனைத் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் அங்கே பெற்ற துணிவை வீதிக்குக் கொண்டுவரலாகாது. நான்காண்டும் குறைவின்றி முடிந்தால், 22 ஆவது வயதில் அத்தான் தம் வாக்கை நிறைவேற்றட்டும். வாக்கை மீறும்படி நான் சொல்லவில்லை. தவணையை மாற்றும்படியே சொன்னேன்.

தமக்கையாரின் கையிலிருந்த தொலைபேசியை மருமகன் வாங்கிக்கொண்டான். “மாமா, நீங்கள் 18 வயதிலை என்ன ஓடினனீங்கள்?” என்று கேட்டான். “சைக்கிள்” என்றேன். சிரித்தான். நான் அதைப் பழகிய விதத்தையும் சொன்னேன். ஐயாவின் பெரிய சைக்கிளில் ஏற எட்டாத வயதில், சட்டத்துக்குள் ஒரு காலை நுழைத்து, அரை மிதி மிதித்தே ஒழுங்கை முழுவதுந் திரிந்தேன். பின்னர் பாருக்கு மேலாகக் கால் போட்டேன். கடைசியிலேதான் இருக்கையில் ஏறி அமர்ந்தேன். எவரும் எனக்குச் சட்டம் விதிக்கவில்லை. என் காலின் நீளமே சட்டமாக இருந்தது. “உன்னுடைய காருக்கு அந்தத் தடை இல்லை. அது முதல் நாளே உன்னை இருக்கையில் ஏற்றிவிடும்” என்றேன்.

சிறிது நேரம் அவன் பேசவில்லை. பின்பு, “இருக்கையிலை ஏற எத்தனை வருசம் எடுத்தது, மாமா?” என்று கேட்டான்.

“மூன்று வருசம்” என்றேன்.

“எனக்கு நாலோ?” என்றான். அவன் குரலிற் குறை இருந்தது, கோபம் இருக்கவில்லை. இதை எழுதும் இன்று வரை அந்தக் கார் வாங்கப்படவில்லை.