இருட்டை அளக்கும் செடி

காரைக்கால் கோட்டுச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பாயின்செட்டியாவைத் தொட்டியிலிருந்து எடுத்து வாசலோரம் நட்டாராம். இடுப்புயரம் வளர்ந்தும் இந்த மார்கழியில் ஓர் இலைகூடச் சிவக்கவில்லை; உரம் போதவில்லையா என்று கேட்கிறார்.

உரத்தில் குறையில்லை அம்மா. தெருவிளக்கு வெளிச்சத்தில் செடி இரவிலும் பச்சைப்பசேலென்று தெரிவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான்.

இதில் சிவப்பது இலைதான், காகிதப்பூவைப் போல. நடுவே மஞ்சள் உதடு வைத்த குட்டிக் கிண்ணங்களுக்குள்தான் பூக்கள். மெக்சிகோவில் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் 1820களில் அமெரிக்காவுக்கு அனுப்பியதால் இந்தப் பெயர். கொல்லையில் தானாக முளைக்கும் அம்மான் பச்சரிசி இதற்கு நெருங்கிய சொந்தம். கிள்ளினால் இரண்டிலும் பால் வடியும்.

என்னை வியக்கவைப்பது இதன் கணக்கு. காரைக்காலில் ஆனி மாத நெடும்பகலுக்கும் மார்கழிக் குறும்பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். சராசரியாக நாளுக்கு அரை நிமிடம்கூட மாறாத அந்த நீட்சியை இந்த இலை கண்டுபிடித்துவிடுகிறது. பைட்டோகுரோம் என்ற நிறமியின் உதவியால் இரவின் நீளத்தை அளக்கிறது. ஏறக்குறைய 12 மணி நேர இருட்டு, இடையில் வெளிச்சம் படாமல், பல வாரம் தொடர்ந்து கிடைத்தால்தான் சிவப்பு வரும்.

எங்கள் களத்தில் தாத்தா மரக்காலால் நெல் அளப்பார். யாராவது குறுக்கே பேசி எண்ணிக்கை தப்பினால் மறுபடி ‘லாபம்’ என்று முதலிலிருந்து தொடங்குவார். நடுராத்திரி விளக்கு இந்தச் செடிக்கு அப்படிப்பட்ட குறுக்குப் பேச்சு. என் வீட்டுச் செடியில் மதில் நிழல் விழுந்த கிளைகள் மட்டும் சிவந்து, தெருப்பக்கம் பச்சையாகவே நின்றது.

நம் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மணலும் எருவும் கலந்து மேட்டுப்பாத்தியில் நடுங்கள். மாசி, பங்குனியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம். ஆவணிக்குப் பிறகு கத்தி வேண்டாம்.

பொங்கல் முடிந்ததும் குப்பைமேட்டில் இந்தத் தொட்டிகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஒரு மாத அலங்காரமல்ல இது. சொந்த ஊரான மெக்சிகோவில் பத்தடிக்கு மேல் வளரும் புதர். இரவெல்லாம் விளக்கெரிப்பதைப் பாதுகாப்பு என்று பழகிவிட்டோம். இருட்டும் ஓர் உயிருக்கு உணவு என்பதை மறந்துவிட்டோம்.

அடுத்த கோடையில் செடியைக் கொல்லைப்பக்கம் மாற்றி நடுங்கள். புரட்டாசிக் கடைசியிலிருந்து அந்தப் பக்கத்து விளக்கை மாலையிலேயே அணைத்துவிடுங்கள்.