நொண்டியடித்துக் காட்டு, அப்புறம் ஆடு

எங்கள் சிதம்பரத்துப் பள்ளியில் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு இருக்கிறது. மழையில் அழிந்தால் நானே மறுபடி போட்டுவிடுவேன். காலில் அடிபட்டு ஓய்ந்திருந்த பிள்ளை திரும்ப மைதானத்தில் இறங்குவதற்கு முன்னால் அந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். முதலில் நல்ல கால். ஒற்றைக் காலில் ஒரே தாவு, அதே காலில் இறங்கி, தள்ளாடாமல் இரண்டு விநாடி நிற்க வேண்டும். குதிகால் பதிந்த இடத்தை டேப் வைத்து அளப்பேன். அடுத்து அடிபட்ட கால்.

போன வருஷம் ஒரு பிளஸ் டூ பையன், கபடியில் கார்னர் ஆடுகிறவன், முட்டி ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு ஏழாவது மாதம் அப்பாவோடு வந்தான். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. நல்ல காலில் 168 சென்டிமீட்டர் தாவினான். ஆபரேஷன் ஆன காலில் 139. அதுவும் இறங்கும்போது முட்டி உள்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது.

“நடக்குறான், மாடி ஏறுறான், சைக்கிள்லதான் வரான். இன்னும் என்னா சார் பார்க்கணும்?” என்றார் அப்பா.

“நூத்துக்கு எண்பத்து மூணுதான் இருக்குண்ணே. தொண்ணூறு வரட்டும்.”

பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய கோபம் எனக்குப் புரிந்தது. அவன் வயதில் எனக்கு இந்தக் கோட்டைப் போட்டுக் காட்ட யாரும் இல்லை.

நான் கடலூர் பக்கம், கெடிலம் ஆற்றங்கரைக் கிராமத்துக்காரன். 1998 தை மாதம், காணும் பொங்கல் இரவு, டியூப்லைட் வெளிச்சத்தில் கபடி ஆட்டம். பாடிப் போனேன். எதிரணி கார்னர் என் இடது கணுக்காலைக் கவ்விப் பிடித்தான். கோட்டைத் தொட்டுவிடலாம் என்று உடம்பை முறுக்கித் திரும்பினேன். கால் மண்ணில் ஊன்றியபடியே இருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். பிடித்தவனுக்கும் அது கேட்டிருக்கிறது, பிறகு சொன்னான்.

அன்றிரவே முட்டி உருண்டு திரண்டுவிட்டது. சுளுக்கு என்றார்கள். எங்கள் ஊரில் தாயின் வயிற்றிலிருந்து கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும் என்று நம்பிக்கை. அப்படிப் பிறந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து மிதிக்கச் சொன்னார்கள். மறுநாள் ஒரு வைத்தியர் எண்ணெய் போட்டு உருவி, இழுத்துவிட்டார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. நடந்தேன், ஓடினேன். குணமாகிவிட்டது என்று மாசி மாதமே மறுபடி களத்தில் இறங்கினேன். யாரும் தொடவில்லை, நானே திரும்பியதில் முட்டி நழுவி விழுந்தேன். அதன் பிறகு நேராக ஓடினால் ஒன்றும் செய்யாது, திடீரென்று திரும்பினால் கால் என்னுடையதே இல்லை என்பது போல மடங்கிவிடும்.

எனக்கு என்ன நடந்தது என்று நான்கு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்தபோது ஒரு பிளாஸ்டிக் முட்டி மாதிரியைக் கையில் கொடுத்தார்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டியின் நடுவே குறுக்காக இழுத்துக் கட்டியிருக்கும் ஒரு நார். மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும், சுண்டுவிரல் பருமன்கூட முழுசாக இல்லை. டாக்டர்கள் ஏசிஎல் என்பார்கள், நம் மக்கள் ஜவ்வு என்பார்கள். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதுதான். அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. வீக்கம் வடிவதைக் குணம் என்று நினைத்துத் திரும்ப ஆடப்போனால், ஒவ்வொரு முறை முட்டி நழுவும்போதும் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு கிழியும். என்னுடையது கிழிந்தது. இன்று நாற்பத்தேழு வயதில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன்.

அதனால் பெற்றோர்களிடம் மூன்று அடையாளங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அடிபட்டபோது ‘டப்’ என்று சத்தம் கேட்டதா? சில மணி நேரத்துக்குள்ளேயே முட்டி வீங்கியதா? நடக்கும்போது கால் நழுவுகிறதா? இவை இருந்தால் ஜவ்வு என்றே சந்தேகப்படுங்கள். உருவக் கூடாது, இழுக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது. எலும்பு டாக்டரிடம் போங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. “எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல” என்ற பதிலோடு திரும்பி வந்து கெட்டுப்போன முட்டிகள் எங்கள் ஜில்லாவில் ஏராளம்.

கணுக்கால் பிசகு வேறு கதை. அதுதான் தினமும் நடப்பது. கடையில் பாலிதீன் உறையில் விற்கும் ஐஸ் போதும், பரங்கிப்பேட்டை மீன் வண்டிக்காரர் ஒரு கை அள்ளிக் கொடுத்தாலும் போதும். துண்டில் சுற்றி, கால் மணி நேரம், வலிக்காக. கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்துதல் என்ற இந்த நான்கையும் ஒரு சூத்திரமாக 1978-இல் எழுதியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். பிற்பாடு அவரே, ஐஸை மணிக்கணக்கில் வைத்தால் ஆறுவது தாமதமாகலாம் என்று தன் சொல்லைத் திருத்திக்கொண்டார். தான் எழுதியதைத் தானே திருத்தும் அந்த மனசு எனக்குப் பிடிக்கும். முழு ஓய்வும் நாள்கணக்கில் வேண்டாம். வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரமே காலை அசைக்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் இன்றைய வைத்தியம். ஆனால் அடிபட்ட காலில் நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் துடிக்கிறது என்றாலோ, முதலில் எக்ஸ்ரே.

பிசகிய காலில் வீக்கம் போன பிறகும் ஒன்று மிச்சமிருக்கும். கால் தரையில் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் மந்தமாகிவிடும். அதனால்தான் ஒருமுறை பிசகிய கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது. இதற்கு மருந்து ஒற்றைக் காலில் நிற்பது. எங்கள் பள்ளியில் கோகோ ஆடும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இதைச் சொன்னபோது, “நடராசர் மாதிரியா சார்?” என்றாள். சிதம்பரத்துப் பிள்ளைக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். முதல் நாள் கண்ணைத் திறந்துகொண்டு பத்து விநாடி நின்றாள், கணுக்கால் கிடுகிடுவென்று ஆடியது. விரல்கள் மண்ணைக் கவ்விக் கவ்விப் பிடித்தன. மூன்றாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு முப்பது எண்ணினாள். பல் விளக்கும்போதுகூட ஒற்றைக் காலில்தான் நிற்கிறாள் என்று அவள் அம்மா வந்து சொன்னார்.

இந்த இடத்தில் நாட்டியக்காரர்களையும் சொல்ல வேண்டும். நடராஜர் கோயில் கோபுர வாசல்களில் 108 கரணங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன, சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. அரைமண்டியில் உட்கார்ந்து, வெறும் காலால் கல்தரையில் தட்டி மணிக்கணக்கில் ஆடும் பெண்களின் முட்டியும் குதிகாலும் படும் பாடு எந்த விளையாட்டு வீரருக்கும் குறைந்ததில்லை. ஆனால் அவர்களை யாரும் வீரர்களாகப் பார்ப்பதில்லை. வலியை ‘பயிற்சி போதவில்லை’ என்று சொல்லி அடக்கிவிடுகிறார்கள். தவறு.

காயம் வந்த பிறகு பார்ப்பதைவிட வராமல் பார்ப்பது எளிது என்பதற்கு என் கையில் நல்ல சான்று இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கடலூரில் பெண்கள் கால்பந்து நன்றாக வேர்விட்டது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதல்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றபோது இங்கே வெடி வெடித்தார்கள். அதைப் பார்த்துப் பந்தை எடுத்துக்கொண்டு வந்த பெண்பிள்ளைகளுக்கு ஒரு ஆபத்து கூடுதலாக உண்டு. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஜவ்வு அறுவது இரண்டு மூன்று மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முட்டிகள் உள்பக்கம் சாய்வது ஒரு காரணம். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேர்க்கும் பயிற்சியைப் பெண்களுக்கு நாம் கொடுக்காமலே இருப்பது இன்னொன்று.

நான் சொன்ன சான்றுக்கு வருகிறேன். நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 கால்பந்தாட்டப் பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக் கிளப்புகள் வழக்கம்போல ஆடின. மீதிக் கிளப்புகளில் ஒவ்வொரு முறையும் ஆடுவதற்கு முன் இருபது நிமிடம், 15 பயிற்சிகள்: ஓட்டம், பலம், சமநிலை, சரியாகக் குதித்து இறங்குதல். ஃபிஃபா பரப்பிவரும் ‘லெவன் பிளஸ்’ என்பது இதுதான். எட்டே மாதத்தில் பயிற்சி செய்தவர்களிடம் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகின.

ஒரு ரூபாய் செலவில்லை. காலை ஆறு மணிக்கு எங்கள் மைதானத்தில் நடப்பதைச் சொல்கிறேன். எட்டு நிமிடம் மெல்லோட்டம்: பக்கவாட்டில், பின்னோக்கி, திரும்பித் திரும்பி. பிறகு பத்து நிமிடம் பலத்துக்கு. தோப்புக்கரணம் மெதுவாக, முட்டி கால்விரல் பார்க்கும் திசையிலேயே போகிறதா என்று எதிரே நிற்பவள் பார்க்க வேண்டும். சாக்கை விரித்து ஒருத்தி முட்டி போடுவாள், இன்னொருத்தி பின்னாலிருந்து அவள் கணுக்கால்களை அமுக்கிப் பிடிப்பாள். முட்டி போட்டவள் இடுப்பை மடக்காமல் பலகை மாதிரி முன்னால் சாய்ந்துகொண்டே போக வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கை ஊன்றிக்கொள்ளலாம். தொடைப் பின்தசைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. டென்மார்க்கில் 942 வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். செய்தவர்களில் 15 பேருக்குத்தான் பின்தொடை பிடித்தது, செய்யாதவர்களில் 52. கடைசி இரண்டு நிமிடம் வேகமான ஓட்டம். அவ்வளவுதான். முதல் வாரம் தொடை வலிக்கிறது என்று அழுவார்கள், விட்டுவிடக் கூடாது.

இனி, அந்தப் பையன். அவனை ஏன் காக்க வைத்தேன்? நார்வேயிலும் அமெரிக்காவிலும் ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது மாதம்வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் ஆபத்து பாதியாகக் குறைகிறது. தசைபலம், நொண்டித் தாவல் ஆகிய சோதனைகளில் தேறாமல் ஆடப்போனவர்களில் நூற்றுக்கு 38 பேர் மறுபடி முட்டியைக் கெடுத்துக்கொண்டார்கள். தேறிப் போனவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. வைத்துக் கட்டிய புது நார் உடம்போடு சேர்ந்து உயிர்பிடிக்கக் காலம் வேண்டும். நாற்று நட்ட வயலில் மறுநாளே அறுவடைக்கு இறங்குவோமா?

அவனுக்கு வினேஷ் போகட்டின் கதையைச் சொன்னேன். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் முட்டி போய் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். 2017 மே மாதம், ஒன்பது மாதம் கழித்து, ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. 2018-இல் காமன்வெல்த்திலும் ஆசிய விளையாட்டிலும் தங்கம். பையன் மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டான். அந்த ஆண்டுக் கோப்பைக்கு அவன் ஆடவில்லை. அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு வசம் வந்திருக்கிற மருத்துவமனைக்குப் போய் பிசியோதெரபி எடுத்தான். ஒன்பது மாதம் முடிந்த வாரம் அதே கோட்டில் நின்றான். 155. டேப்பை அவனே இரண்டு தரம் பார்த்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று. 2022 ஜூலையில் பண்ருட்டி பக்கத்துக் கிராமத்தில், கபடி ஆடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் களத்திலேயே சாய்ந்து இறந்துபோனார். அந்தக் காட்சியை எல்லோரும் கைபேசியில் பார்த்தோம், பிறகு மறந்தோம். ஆட்டத்தில் ஒருவன் விழுந்து அசையாமல் கிடந்து, மூச்சும் இல்லை என்றால், தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஒருவர் 108-க்குப் பேச, இன்னொருவர் உடனே நெஞ்சின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்க வேண்டும். என் மாணவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தலையணையில் பழக்கினேன்.

தை வருகிறது. ஊருக்கு ஊர் கபடி நடக்கும். போட்டி நடத்தும் இளைஞர் மன்றத்துத் தம்பிகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: கோப்பைக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு ஐஸ் பெட்டியும் நாலு கிரேப் பேண்டேஜும் வாங்கி வையுங்கள். நெஞ்சமுக்கத் தெரிந்த ஒருவரைக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எட்டு மணி ஆட்டம் என்றால் இரண்டு அணியையும் ஏழு நாற்பதுக்கே மைதானத்துக்கு வரச்சொல்லுங்கள்.