பரண்மேல் ஒரு துப்பாக்கி!

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை நம் வீடுகளில் எங்கே வைக்கிறோம்? கண்ணாடி அலமாரிக்குள்! குழந்தை கை பட்டால் உடைந்துவிடுமே என்ற கவலை. பூச்சிமருந்து டப்பாவை எட்டாத உயரத்தில் வைக்கிறோம். அரிவாள்மனையை வேலை முடிந்த கையோடு மடக்கிச் சுவரோரம் சாத்துகிறோம். ஆனால் சில வீடுகளில் பரண்மேல், பழைய வேட்டியில் சுற்றி, ஒரு பொருள் கிடக்கிறது. அதைப்பற்றி மட்டும் நாம் வாயே திறப்பதில்லை. "அது ஆம்பளைங்க சமாசாரம்" என்று விட்டுவிடுகிறோம்.

நான் சொல்வது துப்பாக்கியை!

"துப்பாக்கியா? அதெல்லாம் சினிமாவிலே, சிப்பாய் கையிலே இருக்கிறது. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளாற்றங்கரையில், எங்கள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் வந்து பாருங்கள். கரும்புக் கொல்லை, முந்திரித் தோப்பு, காட்டுப்பன்றித் தொல்லை எல்லாம் உண்டு. பெரிய விவசாயக் குடும்பங்கள் சிலவற்றில் காவலுக்கென்று அந்தக் காலத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய துப்பாக்கி இன்னும் இருக்கிறது. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்தாரர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள். தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெறுவார்கள். வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அது போதாது, சகோதரிகளே. காரணம் சொல்கிறேன்.

பெரியம்மாவின் கேள்வி

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார்கள். கணவர் காலமாகிவிட்டார். ஒரு நாள் மாலை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே மெதுவாக ஆரம்பித்தார்கள்.

"ஏம்மா, அவரு போயி வருஷம் திரும்பப் போவுது. அவரோட துப்பாக்கி பரண்மேலயே கெடக்குது. லீவுக்குப் பேரப்புள்ளைங்க வருதுங்க. எனக்கு வயித்தக் கலக்குது."

"லைசென்ஸ் யார் பேர்ல பெரியம்மா?"

"அவரு பேர்லதான். அவரு இல்லன்னா அது எங்க குடும்பத்துதுதான?"

இங்கேதான் நம்மில் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. நிலத்தைப் போல, நகையைப் போல, துப்பாக்கி தானாக வாரிசுக்கு வந்துவிடாது. லைசென்ஸ் ஓர் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. அந்த ஆள் காலமாகிவிட்டால், அதை வீட்டில் வைத்திருக்க மற்றவர்களுக்கு உரிமை கிடையாது. நம் நாட்டின் ஆயுதச் சட்டம் 1959ஆம் வருஷத்தியது. அதன் 21ஆம் பிரிவு, இப்படி உரிமை இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது.

ஒப்படைத்தால் போய்விட்டது என்று அர்த்தமல்ல. குறிப்பிட்ட கெடுவுக்குள் வாரிசு ஒருவர் தம் பெயருக்கு லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்றால் விற்றுவிட ஏற்பாடு செய்யலாம். முக்கியம், ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அவர் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தம் வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு, அவர் பெயரில் லைசென்ஸ் தரும்படி கேட்கலாம். மாமனார் திடமாக இருக்கும்போதே பேசி முடித்துக்கொள்ள வேண்டிய காரியம் இது.

பெரியம்மாவின் பிள்ளைக்குத் துப்பாக்கியில் ஆசையில்லை. முதலில் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி விஷயத்தைச் சொன்னார்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதன்படி ஒப்படைத்தார்கள். லைசென்ஸ் இல்லாதவர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதே குற்றமாகிவிடும் என்பதால்தான் இந்த முன்யோசனை. "இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறேன்" என்றார்கள் பெரியம்மா.

யாருக்குக் கிடைக்கும்?

கடையில் போய்க் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரிடமும், சென்னை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பம் போட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். உடலும் மனமும் சரியாக இருப்பதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, அவசியம் என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் லைசென்ஸ்.

முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம். 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு 2 தான். பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் சேர்த்தி. லைசென்ஸ் 5 வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 வருஷம் முதல் 5 வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. பன்றி விரட்டத்தான் என்று சொல்லி யாராவது நாட்டுத் துப்பாக்கியை நம் வைக்கோல் போரில் செருகினாலும் கதை இதுதான். கல்யாண ஊர்வலத்தில் 'டுமீல்' என்று வானத்தைப் பார்த்துச் சுடுவது வடக்கே பல இடங்களில் பழக்கம். கூடியிருக்கும் ஜனங்களுக்கு அதனால் ஆபத்து வந்தால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே!

ஊருக்கு ஊர் சட்டம்

லைசென்ஸ் கையில் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாமா? கூடாது. அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், கடலூரைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் அதை எடுத்துப் போவது தப்பு. பொது இடத்தில் கொண்டுபோகும்போதும் உறையில் போட்டு, முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும். இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு மிடுக்காக நடப்பதெல்லாம் திரைப்படத்தோடு சரி!

நம் நாட்டுக்குள்ளேயே விதிவிலக்கும் உண்டு. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் குடகர்களும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களும் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த சலுகை இது. 2019இல் மத்திய அரசு இதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021இல் செல்லும் என்றது. கைல்போள்து பண்டிகையில் நாம் ஆயுதபூஜை செய்வதுபோல அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குவார்கள்.

அமெரிக்காவுக்குப் போனால் இன்னும் ஆச்சரியம். அங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டமே தந்த உரிமை. 1791இல் எழுதி வைத்தது. ஆனால் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். 2024 கணக்குப்படி இப்படி 29 மாநிலங்கள்! நியூயார்க்கிலோ லைசென்ஸ் கட்டாயம். தனிப்பட்ட காரணம் காட்டினால்தான் தருவோம் என்று அங்கே நூறு வருஷத்துக்கு மேலாக இருந்த சட்டத்தை 2022இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நியூஜெர்சி வேறு மாநில லைசென்ஸை ஏற்றுக்கொள்வதே இல்லை.

இதில் மாட்டிக்கொண்ட ஒரு தாயின் கதையைக் கேளுங்கள். 2013இல், பென்சில்வேனியாவில் முறைப்படி லைசென்ஸ் பெற்றிருந்த, குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண், காரில் நியூஜெர்சிக்குள் நுழைந்தார். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியபோது, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது" என்று அவரே சொன்னார். கைது செய்துவிட்டார்கள்! பல வருஷச் சிறைத் தண்டனை அவர் தலைமேல் தொங்கியது. கடைசியில் 2015இல் நியூஜெர்சி கவர்னர் மன்னிப்பு வழங்கித்தான் அவர் மீண்டார். நடுவே ஒரு ஆறுதான் எல்லை!

மகள் பிரசவத்துக்குப் போகும் தாய்மாருக்கு

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? இன்று நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் குடித்தனம் செய்கிறார்கள்! மருந்துப்பொடி, பெருங்காயம் எல்லாம் கட்டிக்கொண்டு மகள் பிரசவத்துக்குப் போகிற நாம், ஒரு கேள்வியையும் கட்டிக்கொண்டு போக வேண்டும். பேரன் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகுமுன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி உண்டா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இப்படிக் கேளுங்கள் என்று அந்த நாட்டுக் குழந்தை வைத்தியர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் 2020இல் அங்கே 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி சாலை விபத்தையும் முந்திவிட்டது. கூச்சம் பெரிதா, குழந்தை பெரிதா?

பெண்ணுக்குப் பாதுகாப்பா?

"பெண்கள் கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் எவன் நெருங்குவான்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2012இல் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை ஏறக்குறைய அரைக்கிலோ. விலை 1,22,360 ரூபாய்! வேலைக்குப் பஸ்ஸில் போய்வரும் எந்தப் பெண்ணால் இதை வாங்க முடியும்?

விலையை விடுங்கள். ஆபத்து எங்கிருந்து வருகிறது? நம் நாட்டில் பெண்களுக்கு எதிரான குற்றங்களில் அதிகம் பதிவாவது கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமைதான். வாசலுக்கு வெளியே நிற்பவனுக்காக வாங்கிய ஆயுதம் வாசலுக்கு உள்ளேதானே இருக்கிறது! கோபமும் குடியும் சேர்ந்த வீட்டில் அது யார் கைக்குப் போகும்? 1993இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பிரபல மருத்துவ ஆய்வு, துப்பாக்கி இருந்த வீடுகளில் கொலை நேரும் அபாயம் 2.7 மடங்கு என்று கண்டது. கொன்றவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தாரும் தெரிந்தவர்களும்தான்.

அதைவிட, 112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்து வையுங்கள். காசும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்.

வீட்டில் இருந்தால்...

துப்பாக்கி உள்ள வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டியவை:

* லைசென்ஸ் யார் பெயரில், எந்தத் தேதி வரை, எந்தப் பகுதிக்கு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

* பரண், கட்டிலடி, பீரோவின் மேல்தட்டு எல்லாம் மறைவிடமே தவிர பாதுகாப்பு அல்ல. குழந்தைக்குத் தெரியாத மறைவிடம் வீட்டில் எது? குண்டு நீக்கிய துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டுகள் வேறொரு பூட்டில் இருக்கட்டும்.

* குண்டு இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

* துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அங்கே நிற்காதே, பெரியவர்களிடம் ஓடிவந்து சொல் என்று குழந்தைக்குப் பழக்குங்கள். தீபாவளிக்குக் கேப் வெடிக்கும் பொம்மைத் துப்பாக்கி வாங்கித் தரும்போதே இதைச் சொல்லலாம்.

* 'ஏர்கன்' விளையாட்டுச் சாமான் அல்ல. குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு மேலோ, சக்தி 20 ஜூலுக்கு மேலோ இருந்தால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதற்குக் குறைந்ததும் ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது.

* வீட்டில் யாராவது மனமுடைந்து, தூக்கமின்றி, "இருந்து என்ன பயன்" என்று பேசினால், அன்றைக்கே துப்பாக்கியை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தி ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். பொல்லாத நேரம் கடந்துவிடும். அந்த நேரத்தில் ஆயுதம் கைக்கெட்டக் கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

ஒரு வீட்டில் அடுப்பைப் பற்றியும் மருந்துப் பெட்டியைப் பற்றியும் முடிவு செய்பவள் பெண். பரணையும் அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், "ஏங்க, தாத்தாவோட துப்பாக்கிக்கு இப்ப லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?"